நோட்டில் எழுதிய நூற்று அறுபது

எங்கள் தெருவில் துறைமுகத்து வேலைக்குப் போன ஆண்கள் எல்லாருக்கும் இரண்டு வயதுகள் இருந்தன. ஒன்று வீட்டு வயது, இன்னொன்று ஆபீஸ் வயது. யுத்த காலத்தில் குண்டு விழப்போகிறது என்று பட்டணம் பாதி காலியாகி ஓடியபோது, கப்பலிலிருந்து சாமான் இறக்க ஆள் கிடைக்காமல், வாசலில் வந்து நின்றவனையெல்லாம் துறைமுகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பிறந்த தேதிக்குச் சீட்டு யாரிடமும் கிடையாது. சின்னப் பையன் என்றால் எடுக்கமாட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட, மீசை அரும்பியவனெல்லாம் இருபத்துமூன்று, இருபத்தைந்து என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சேர்ந்துவிட்டான். கல்மண்டபத்துப் பக்கம் இருந்த இரட்டைப் பிள்ளைகள் வேறு வேறு நாளில் போய்ப் பெயர் கொடுத்ததால் ஆபீஸ் கணக்கில் ஒருவர் மற்றவருக்கு நான்கு வயது மூத்தவர். அவர்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சண்டைகூட நடக்கும்.

என் வீட்டுக்காரர் சேர்ந்தது பதினாறு வயதில். சொன்னது இருபத்துமூன்று. ஆள் நல்ல உயரம், தொண்டையும் அப்போதே உடைந்துவிட்டதால் எழுதிக்கொண்டவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். அந்த ஏழு வருடம் அவரோடு ஒட்டிக்கொண்டது. பொய் வயது தெரிந்துபோனால் வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்ற பயம் தெரு முழுக்க இருந்தது. அதனால் கல்யாணப் பத்திரிகை முதல் ரேஷன் அட்டை வரை எல்லாரும் ஆபீஸ் வயதையே சொல்லிப் பழகிவிட்டோம்.

மூட்டை தூக்கப் போனவர் படிப்படியாகக் கிரேன் ஓட்டி ஆகிவிட்டார். அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. உயரத்தில் தொங்கும் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் கப்பல், கடல், என் தம்பியின் கட்டுமரப் பாய் வரைக்கும் தெரியும் என்பார். வீட்டில் ஒரு விளக்கை ஒழுங்காக மாட்டத் தெரியாத மனிதர், இரண்டு டன் சாமானை முட்டையை வைப்பதுபோல் லாரியில் வைப்பாராம். அவருடைய கூட்டாளிகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொம்பளைகளை உள்ளே விடமாட்டார்கள். நான் திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள் காலை, கூண்டில் இருக்கும்போதே அவருக்குத் தலை பிளப்பதுபோல் வலித்து, உடம்பெல்லாம் வேர்த்து, முகம் வெளுத்துவிட்டது. தொங்கிக்கொண்டிருந்த சுமையைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுத்தான் சாய்ந்தார். அந்தப் பெருமையை இன்றைக்கும் விடமாட்டார். கூட்டாளிகள் இரண்டு பேர் ஏறிப்போய் இறக்கிக்கொண்டு வந்தார்கள். துறைமுகத்து டாக்டர் பிரஷர் பார்த்தபோது இருநூற்று இருபது. சட்டையைக் கழற்றிப் போட்டு மறுபடி பார்த்தாலும் அதே இருநூற்று இருபது. அன்றோடு கிரேன் நின்றது. கீழே நின்று மேலே இருப்பவருக்குக் கைகாட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டுப் பார்த்தார்கள், முதுகு வழியாகக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். கடைசியில் இடது பக்கம் விலாவுக்குக் கீழே பெரிய டாக்டர் விரலால் அமுக்கினார். பிரஷர் கருவியில் பாதரசம் சட்டென்று ஏறியதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். சிறுநீரகம் இரண்டின் தலைமேலும் அட்ரீனல் என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். அதில் இடது பக்கத்துச் சுரப்பியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அது நினைத்த நேரத்தில் ஏதோ ஒரு சாரத்தை ரத்தத்தில் கொட்டுகிறது, அதனால்தான் பிரஷர் எகிறுகிறது, அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள்.

அறுவைக்கு முன்னால் விவரம் எழுத வந்தவர் ஒரு சின்ன டாக்டர். தெற்கே ஏதோ ஊர்க்காரர், ஒல்லி, கையில் எப்போதும் ஒரு நீல அட்டை நோட்டு.

"வயசு என்ன?"

"முப்பத்தேழு சார்" என்றார் என் வீட்டுக்காரர். நிஜத்தில் முப்பது. ஆஸ்பத்திரிக் காகிதம் ஆபீசுக்குப் போகுமே என்று வருகிற வழியிலேயே எனக்கும் சொல்லிவைத்திருந்தார். நானும் தலையாட்டினேன்.

"இந்தத் தலைவலி, வேர்வை எல்லாம் எத்தனை வருஷமா?"

"ரெண்டு வருசமா கீது சார்."

அதற்கும் தலையாட்டினேன். அது நான் நம்பிய கணக்கு.

சின்ன டாக்டர் ஒரு சிறிய விளக்கை வைத்துக்கொண்டு அவர் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு வருஷந்தானாம்மா? கண்ணுக்குள்ள இருக்கிற ரத்தக்குழாயைப் பார்த்தா ரொம்ப நாள் அடி வாங்கின மாதிரி தெரியுதே."

"ரெண்டு வருசந்தான் சார். இந்த மனுசன் என்கிட்ட ஒண்ணுத்தையும் மறைக்க முடியாது" என்றேன். எனக்கு முன்கோபம், அதைவிட அதிகமாக வாய். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நீல நோட்டில் என்ன எழுதுகிறார் என்று நானே கேட்டேன். அவரும் ஒளிக்காமல் சொன்னார். கட்டியை எடுத்துவிட்டால் பிரஷர் இறங்கிவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், சிலருக்கு முழுசாக இறங்குகிறது, சிலருக்குப் பாதிதான் இறங்குகிறது, ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதனால் அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் வயது, நோவு வந்து எத்தனை வருடம், அப்பா அம்மாவுக்கு உண்டா, கண் எப்படி, சிறுநீரகம் எப்படி என்று எல்லாம் கேட்டு, ஆறு மாதம் கழித்து இவர் பிரஷர் எவ்வளவு இருக்கும் என்று ஒரு எண்ணை முன்கூட்டியே எழுதிவைக்கிறார். ஆறு மாதம் கழித்து அளந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

"வெயில்ல ரொம்ப நாள் கிடந்த ரப்பர் குழாய் விறைச்சுப் போயிடும் பாருங்க, அது மாதிரிதான். கட்டி போனாலும் குழாய் உடனே இளகாது. வயசு கூடினவங்களுக்கு இன்னும் கஷ்டம்."

"இவருக்கு எவ்ளோ எழுதினீங்க சார்?"

நோட்டைத் திருப்பிக் காட்டினார். "நூத்தி அறுபது."

துறைமுகத்து டாக்டர் தெளிவாகச் சொல்லியனுப்பியிருந்தார். அறுவை முடிந்து ஆறாவது மாதம் அவரே பரீட்சை வைப்பார். நூற்று ஐம்பதுக்குக் கீழே இருந்தால் கிரேன். மேலே இருந்தால் கிடங்கு வாசலில் காவல், அதுவும் காலம் முழுக்க. என் வீட்டுக்காரர் கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு மாதத்தில் கிழவராகிவிடுவார் என்று தோன்றியது.

வார்டில் இந்த எண் எப்படியோ பரவிவிட்டது. பரப்பியது நான்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சாயங்காலம் பார்க்க வந்த துறைமுகத்துக் கூட்டாளிகள் ஆளாளுக்கு ஒரு எண் சொல்ல ஆரம்பித்தார்கள். வியாசர்பாடிக்காரர் ஒருவர், குத்துச்சண்டை போட்டு மூக்கு ஒரு பக்கம் திரும்பியவர், கட்டில் காலைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "நூத்தி நாப்பது அண்ணி. அந்த டாக்டருக்கு இன்னா தெரியும், அண்ணன் ஒடம்பு இன்னா ஒடம்பு." அவருக்குப் பக்கத்தில் நின்றவர் நூற்று முப்பது என்றார். என் தம்பி கடலிலிருந்து நேராக வந்து, கால் மணலோடு வார்டுக்குள் நுழைந்து, நர்சம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே தன் கணக்கைச் சொன்னான். "காத்து நின்னா ஒடனே கடல் அடங்கிடுதா? மூணு நாளாவது ஆடிகினுதான் இருக்கும். அப்பால தானா படுக்கும். மாமனுக்கும் அப்படித்தான், பேஜாரு படாத." எண் எவ்வளவு என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில் தாத்தா நூற்று எழுபது என்றார். அவரோடு நான் இரண்டு நாள் பேசவில்லை.

அறுவை அன்று காலை ஏழு மணியிலிருந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். மதியம் சின்ன டாக்டர்தான் வெளியே வந்து சொன்னார். கட்டியைத் தொட்டபோதெல்லாம் பிரஷர் எகிறியதாம், எடுத்த நிமிடம் கிடுகிடுவென்று கீழே இறங்கியதாம், மருந்து ஏற்றிப் பிடித்து நிறுத்தினார்களாம். சொல்லும்போது அவர் நெற்றியெல்லாம் வேர்வை. பிழைத்துவிட்டார் என்ற ஒரு வார்த்தை போதும் எனக்கு, மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், அவர் கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்துவிட்டு அளந்தபோது நூற்று அறுபத்தெட்டு. கூட்டாளிகள் முகம் தொங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வயது கூடினால் பிரஷர் இறங்குவது கஷ்டம் என்று சின்ன டாக்டர் சொன்னார். அவர் முப்பத்தேழு என்று நினைத்துத்தானே நூற்று அறுபது எழுதினார். முப்பது என்று உண்மையைச் சொன்னால் எண் குறையும். நோட்டில் குறைந்தால் உடம்பிலும் குறையும் என்று நினைத்தேனா என்று இப்போது கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். அந்த நோட்டில் எழுதியதே அவர் தலைமேல் ஏறி உட்கார்ந்திருப்பதாக எனக்கு ஒரு எரிச்சல்.

மறுநாள் சின்ன டாக்டர் வந்ததும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டேன்.

"சார், நாங்க ஒரு பொய் சொல்லிட்டோம். இவருக்கு முப்பத்தேழு இல்ல, முப்பதுதான். அது ஆபீஸ் வயசு. ஆபீசுக்கு மட்டும் எழுதிடாதீங்க சார், வேல போயிடும்."

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இன்னாமே இது" என்றார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

சின்ன டாக்டர் கோபிக்கவில்லை. ஏழு வயது எங்கிருந்து வந்தது என்று கேட்டார், நான் தெருக்கதை முழுவதும் சொன்னேன். இரட்டைப் பிள்ளைகள் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல வேளை சொன்னீங்க. முப்பதுன்னா கொஞ்சம் நம்பிக்கையா எழுதலாம். நூத்தி அம்பதுக்குக் கீழகூட வரலாம்" என்று பேனாவைத் திறந்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "அது ஒண்ணுதான் சார் பொய். அதுவும் வயித்துப் பொழப்புக்காக. மத்தபடி இவர் வாயில பொய்யே வராது. எட்டு வருசமா குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

"சார்" என்றார் என் வீட்டுக்காரர். "ரெண்டு வருசம் இல்ல சார். ஆறு வருசம்."

முதலில் எனக்குப் புரியவில்லை. சின்ன டாக்டருக்கு உடனே புரிந்துவிட்டது, நோட்டின்மேல் பேனா அப்படியே நின்றது.

"ஆறு வருசமா வந்துகினு போய்க்கினு கீது சார். மேல கூண்டுல இருக்கும்போது நாலஞ்சு வாட்டி வந்துச்சு. ஒரு நிமிசம் கண்ண மூடிகினு, பல்லைக் கடிச்சுகினு இருந்தா போயிடும். வெளிய சொன்னா இறக்கிடுவாங்கன்னு சொல்லல. இவளுக்கும் தெரியாது."

அந்த ஆறு வருடத்தில் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போவார். அரைமணி கழித்து முகம் கழுவிக்கொண்டு, சட்டை நனைந்து திரும்பி வருவார். அப்போது மதுவிலக்கு. கொருக்குப்பேட்டை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் திருட்டுச் சாராயம் விற்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். நான் அதைத்தான் நினைத்தேன். வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மா வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய் ஒன்பது நாள் இருந்திருக்கிறேன். குடிகாரன் என்று தெருவில் நாலு பேர் கேட்கக் கத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட இவர் இல்லை என்று சொல்லவில்லை. படகுகளுக்குப் பின்னால் மணலில் படுத்து, தலையைப் பிடித்துக்கொண்டு, வலி போகும்வரை இருந்துவிட்டு வருவாராம். பெண்டாட்டி குடிகாரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, நோவு என்று தெரிந்தால் நேராகத் துறைமுகத்து டாக்டரிடம் போய் நிற்பாள், கிரேன் போய்விடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்கு சரிதான். நான் போய்த்தான் நின்றிருப்பேன்.

சின்ன டாக்டர் கணக்கைத் திரும்பப் போட்டார். வயதில் ஏழு குறைத்தார், நோவில் நான்கு கூட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எவ்ளோ சார் வருது?"

"நூத்தி அறுபது" என்றார்.

"ஏழு வயசு குறைச்சுக் குடுத்தேனே சார். ஒரு புள்ளிகூட இறங்கலையா?" என்றேன், காலை மீன் வாங்குகிற குரலில்.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வயசை ஏத்திச் சொன்ன பொய்யும் நோவை இறக்கிச் சொன்ன பொய்யும் நேருக்கு நேர் மோதி சரியாப் போயிடுச்சும்மா. என் கண் மட்டுந்தான் சரியாப் பார்த்திருக்கு" என்றார். பக்கத்துக் கட்டில் தாத்தாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான்கு நாள் என் வீட்டுக்காரரோடு பேசவில்லை. சோறு கொண்டுபோய் வைப்பேன், அவர் சாப்பிடும்வரை தாழ்வாரத்தில் நிற்பேன், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். நோவை மறைத்தது ஒரு பக்கம். வாயை மோந்து பார்த்த அந்தச் சாயங்காலங்களில் என்னை அப்படியே விட்டுவிட்டாரே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஐந்தாம் நாள் அவர் மீன் குழம்பில் உப்பே இல்லை என்று முணுமுணுத்தார். ஆஸ்பத்திரியில் உப்பு கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா என்று திட்ட ஆரம்பித்தேன், அப்படியே பேச்சு வந்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் எந்த வயது எழுதுவது என்று ஒரு சிக்கல் வந்தது. முப்பது என்றால் ஆபீசில் மாட்டிக்கொள்வோம், முப்பத்தேழு என்றால் டாக்டர் தெரிந்தே பொய் எழுதுகிறார். சின்ன டாக்டர் பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "பார்வைக்கு முப்பதைக் கடந்தவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துறைமுகத்தில் அதைப் படித்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு மாதம் ஓடியது. உப்பைக் குறைத்துச் சமைத்தேன். கருவாடு வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். எதிர் வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தால் என் வீட்டுக்காரர் எழுந்து தெருமுனைக்குப் போய் நின்றுகொள்வார், வாசனை போனபின் வருவார். துறைமுகத்தில் கீழே நின்று கைகாட்டினார். மேலே கூண்டில் அவரிடத்தில் வேறொருவர். நல்ல ஆள்தான், ஆனால் சாமானை இறக்கும்போது குலுக்குகிறார் என்று தினமும் எனக்கு ஒரு புகார் வரும். மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அளந்தோம். நூற்று அறுபத்தாறு, அறுபத்திரண்டு, அறுபது, ஐம்பத்தைந்து. ஐந்தாம் மாதம் நூற்று ஐம்பத்திரண்டு. வியாசர்பாடிக்காரர் மட்டும் இன்னும் நூற்று நாற்பதிலேயே நின்றார்.

பிரஷர் இறங்கிக்கொண்டு வந்ததே தவிர எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் அவர் வேலையிலிருந்து வந்ததும் நெற்றி ஈரமாக இருக்கிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். எழுந்து வெளியே போனால் பின்னாலேயே வாசல்வரை போவேன். தலை எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லா கீது என்பார். இவர் வாயிலிருந்து வரும் அந்த நல்லா கீது என்ற வார்த்தைக்கு எனக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது.

துறைமுகத்துப் பரீட்சைக்கு முந்தின நாள். நான் ஆலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் மூன்றரை மணிக்கே வந்து நின்றார்.

"இன்னாய்யா, இவ்ளோ சீக்கிரம்?"

"தலைய வலிக்குது" என்றார்.

கையிலிருந்த செம்பை நான் கீழே வைத்ததுகூட எனக்கு நினைவில்லை. "அந்த வலியா?"

"தெரியல. காலைலேந்து கீது. வேர்க்கல, படபடன்னும் இல்ல. ஆனா வலிக்குது."

"நாளைக்குப் பரீட்ச."

"தெரியும்" என்றார். "வா, அந்த டாக்டராண்ட போவலாம்."

பஸ் ஏறினோம். திரும்பவும் கட்டி வந்துவிட்டதோ, வலது பக்கமும் ஒரு சுரப்பி இருக்கிறதே, அதிலும் வருமோ என்று என் மனது எங்கெங்கோ போனது. கிரேன் போனால் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அதேநேரம் அவர் கண் பஸ் ஜன்னல் வழியாகத் துறைமுகத்துப் பக்கமே போவதைப் பார்க்கவும் எனக்குப் பொறுக்கவில்லை.

சின்ன டாக்டர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் திரும்பி உள்ளே அழைத்துப்போனார். படுக்கவைத்து அளந்தார். உட்காரவைத்து அளந்தார். மறு கையில் அளந்தார். நான் பாதரசத்தைப் பார்க்கத் துணியாமல் அவர் காதில் மாட்டியிருந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"ஒண்ணும் சாப்புடல சார்."

"நேத்து ராத்திரி?"

அதுவும் இல்லை என்று என் வீட்டுக்காரர் தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "முந்தின நாள் பட்டினி கெடந்தா பிரஷர் எறங்கிடும்னு நம்ம தோஸ்து ஒருத்தன் சொன்னான் சார்."

முந்தின நாள் இரவு வயிறு சரியில்லை என்று சொல்லித் தட்டைத் தள்ளியது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தத் தோஸ்து யார் என்றும் புரிந்தது. மூக்கு திரும்பியவர்.

சின்ன டாக்டர் வார்டு பையனை அனுப்பி நான்கு இட்லியும் காப்பியும் வரவழைத்தார். என் வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்து நான்கையும் விழுங்கினார். ஒரு மணி நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி அளந்தார். தலைவலி எப்படி என்று கேட்டார். இப்போது இல்லை என்றார் இவர், சொல்லும்போதே வெட்கம்.

"முதல்ல நூத்தி முப்பத்தெட்டு. சாப்பிட்டப்புறம் நூத்தி நாப்பது. பசியில வந்த தலைவலி" என்றார் சின்ன டாக்டர். நீல நோட்டை எடுத்து நூற்று அறுபதுக்குப் பக்கத்தில் நூற்று நாற்பது என்று எழுதி, கீழே தப்பு என்று ஒரு கோடு போட்டார். தன் கணக்கு தோற்றுப்போனதில் அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

"ஏன் சார் தப்பாச்சு?" என்றேன்.

"தெரியலம்மா. தெரிஞ்சா அடுத்தவருக்குச் சரியா எழுதிடுவேன்." நோட்டை மூடிவிட்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "நாளைக்குப் பரீட்சைன்னு தெரிஞ்சும் இன்னிக்கு ஏன் வந்து சொன்னீங்க? பிரஷர் ஏறியிருந்து நான் துறைமுகத்துக்கு எழுதியிருந்தா கிரேன் போயிருக்குமே. ஆறு வருஷம் சொல்லாம இருந்தவர்தானே நீங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சொன்னார்: "மேல ஏறி நல்லா கீறேன்னு நடிக்கறது கஷ்டமில்ல சார். வூட்டுக்கு வந்தப்பால நடிக்கறதுதான் சார் கஷ்டம். இவ ஆறு மாசமா என் நெத்திய பாத்துகினே கீறா. இன்னொரு வாட்டி அது என்னால ஆவாது."

நான் நெற்றியைப் பார்ப்பது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பரீட்சைக்குப் போனார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணி வைத்தேன். துறைமுகத்து டாக்டர் அளந்ததில் நூற்று நாற்பத்திரண்டு. திங்கட்கிழமை கூண்டில் ஏறினார். அன்று ஆலையில் நான் அடுக்கிய பெட்டிகள் பாதிக்குமேல் கோணல், மேஸ்திரி இரண்டு தடவை கலைத்துப் போட்டார். சாயங்காலம் அவர் வந்தார். நான் ஒன்றும் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஆறு மாசமா குனிஞ்சு பாக்காம விட்டுட்டனா, கழுத்து இன்னா வலி வலிக்குது" என்றார். "இங்க. அப்பால இந்தத் தோளு. இடது முட்டியும் ஏறும்போது ஒரு மாதிரி பிடிச்சுது. தல ஒண்ணும் இல்ல. கண்ணு கொஞ்சம் கூசுச்சு, அது வெயிலு."

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். எதிர் வீட்டுக்காரி, மறுபடியும் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று நினைத்து, வறுத்துக்கொண்டிருந்த கருவாட்டை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். இன்னாடி ஆச்சு என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இவருக்குக் கழுத்து வலிக்குதாம்க்கா" என்றேன்.